எண்ணெய்க்கு அடியில்

லமேக் தீவில் அக்டோபர் பிறந்துவிட்டால் லூசில் மாலேயின் கொட்டகை முன்னால் பிக்கப் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். நவம்பர் கடைசியில் பனி உறையாமலிருக்கச் சாலையில் உப்பைக் கொட்டத் தொடங்கிவிடுவார்கள். அதற்குள் வண்டியின் அடிப்பக்கம் முழுக்க எண்ணெய் பிடித்திருக்க வேண்டும். மீன்பெட்டிகளிலிருந்து ஒழுகும் கடல்நீரும் சாலை உப்பும் சேர்ந்து தின்றால், கவனிக்காமல் விட்ட வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸ் ஏழெட்டுக் குளிர்காலத்தில் பொரித்த அப்பளம் மாதிரி உதிர்ந்துவிடும்.

லூசில் இருபத்திரண்டு வருடமாக இந்த வேலையைச் செய்கிறாள். வண்டியை லிஃப்டில் ஏற்றி, சேற்றைத் தண்ணீரால் பீய்ச்சிக் கழுவி, ஒரு நாள் காயவைப்பாள். உப்பிய துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுப்பாள். பிறகு சேஸிஸின் உள்கூட்டுக்குள் நீளக்குழாயை விட்டு எண்ணெயைப் பீய்ச்சுவாள். கெட்டியாகக் கறுப்புத் தாரை அப்புவது அவளுக்குப் பிடிக்காது. தாருக்கும் இரும்புக்கும் நடுவே ஈரம் மாட்டிக்கொண்டால் துரு ரகசியமாக வளரும் என்பாள். ஊரில் அவள் வார்த்தைக்கு அவ்வளவு மதிப்பு.

அப்படி ஓர் அக்டோபரில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை லிவேன் நோயலின் வண்டி மேலே ஏறியது. லிவேனுக்கு அறுபது வயது. நண்டுப் படகில் வேலை. அவர் உள்ளே காபி குடித்தபடி லூசிலின் தம்பி ஸோயலைக் கிண்டல் செய்துகொண்டிருந்தார். வெளியே இன்னும் நான்கு வண்டிகள் காத்திருந்தன.

பின் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால், பிரேக் குழாயைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் கவ்விக்கு அடியில் சேறு இறுகிப் போயிருந்தது. லூசில் அதைச் சுரண்டினாள். குழாயின் மேல் கட்டைவிரலை வைத்துத் தேய்த்தபோது செதில் செதிலாகக் கொட்டியது. மாற்ற வேண்டிய குழாய்தான். போகும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்து அதன் மேலேயே எண்ணெயைப் பீய்ச்சினாள். அப்போது தொலைபேசி மணி அடித்தது. பேசிவிட்டு வருவதற்குள் ஸோயல் வண்டியை இறக்கிக் கொடுத்திருந்தான். லிவேன் கையசைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். திங்கட்கிழமை சொல்லலாம் என்று நினைத்தாள். திங்கட்கிழமை வந்தபோது அது அவளுக்கு ஞாபகமே வரவில்லை.

பிப்ரவரியில், உறைந்த வளைகுடாவில் தூண்டில் போடுவதற்காக லிவேனும் அவர் மனைவி எட்மேயும் கிளம்பினார்கள். கரையிலிருந்து பனித்தரைக்கு இறங்கும் சரிவில் பிரேக்கை மிதித்தார் லிவேன். பெடல் அடி வரைக்கும் போனது. முன்சக்கரங்கள் மட்டும் இறுகி, பனியில் வழுக்கிக்கொண்டே போய், வண்டி படகுத்துறையின் கான்கிரீட் சுவரில் மோதி நின்றது. லிவேனுக்கு நெற்றியில் நாலு தையல். எட்மேயின் வலது கை, கதவுக்கும் இருக்கைக்கும் நடுவே நசுங்கிவிட்டது. இரண்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகும் அவளால் அந்தக் கையை மூட முடியவில்லை. முப்பது வருடமாக நண்டுத் தொழிற்சாலையில் நண்டுக் கால்களை உடைத்துச் சதை எடுத்த கை அது.

நொறுங்கிய வண்டியை லூசிலின் முற்றத்தில்தான் கொண்டுவந்து போட்டார்கள். விசாரிக்க வந்த போலீஸ்காரர் குனிந்து பார்த்துவிட்டு, பழைய வண்டி, வழுக்குச் சரிவு என்று எழுதிக்கொண்டு போனார். அவர் போன பிறகு லூசில் விளக்கோடு அடியில் படுத்தாள். கவ்வி இருந்த இடத்தில் குழாய் வெடித்திருந்தது. சுற்றிலும் அவள் அடித்த எண்ணெய், புழுதி ஒட்டிக் காய்ந்து கிடந்தது.

ஸோயலிடம் மட்டும் சொன்னாள். அவன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

“எண்ணெயாலயா குழாய் வெடிச்சுது? எப்படியும் வெடிச்சிருக்கும்க்கா.”

“நான் பார்த்தேன்டா. பார்த்துட்டுத்தான் அடிச்சேன்.”

“பனிச்சரிவுல நல்ல பிரேக்கே நிக்காது. நீ வாயைத் திறந்தா நாளைக்கு இந்தக் கொட்டகை இருக்காது. ரெண்டு குடும்பம் இதை நம்பி இருக்கு. எனக்காக வேண்டாம், என் புள்ளைங்களையாவது நினைச்சுக்கோ.”

அவள் அந்தக் குழாய்த் துண்டை மட்டும் அறுத்து எடுத்து, துணியில் சுற்றி மேசை இழுப்பறையில் வைத்தாள். அதற்கப்புறம் இரண்டு மாதம் வாயைத் திறக்கவில்லை. சோறு இறங்கத்தான் செய்தது, தூக்கம் வரத்தான் செய்தது. அதுதான் அவளுக்கே வெட்கமாக இருந்தது.

ஏப்ரலில் ஒரு நாள் லிவேன் நடந்து வந்தார். பக்கத்துக் கடைக்கே வண்டியில் போகிற மனிதர், நாலு கிலோமீட்டர் ஈரக்காற்றில் நடந்து வந்திருந்தார். ஆளே பாதியாகியிருந்தார்.

“அந்த வண்டியை இரும்புக்குப் போட்டுடு லூசில். எனக்கு அதைப் பார்க்க வேண்டாம்.”

“வேற வண்டி வாங்கலையா?”

“வாங்கி? இனிமே நான் ஓட்டப் போறதில்ல.” அவர் தொப்பியைக் கழற்றி உள்ளங்கையில் திருப்பினார். “பெடல் அடிவரைக்கும் போச்சுன்னு அன்னைக்கு எல்லார்கிட்டயும் சொன்னேன். இப்ப யோசிச்சா, நான் மிதிச்சது பிரேக்தானான்னே தெரியல. எட்மே சொல்றா, நான் பனியில எவன் எங்க தூண்டிலோட உக்காந்திருக்கான்னு பராக்குப் பார்த்துக்கிட்டு இருந்தேனாம். அப்படித்தான் இருக்கும். துறையில பசங்க, கிழவன் காலையிலயே ஊத்திக்கிட்டு வந்திருப்பான்னு பேசிக்கிறானுங்க. நான் குடிச்சு பதினோரு வருஷம் ஆச்சு. இருந்தாலும் என்னத்தைச் சொல்ல?”

ஸோயல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். லிவேன் தொப்பியை மாட்டிக்கொண்டு, வந்த வழியே நடந்தார். சாலை வளைவில் அவர் மறைகிற வரைக்கும் லூசில் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் இழுப்பறையைத் திறந்தாள்.

“அக்கா, வேண்டாம்,” என்றான் ஸோயல்.

“நீ கடையைப் பார்த்துக்கோ.”

ஒரு மணி நேரம் கழித்து அவள் போய்ச் சேர்ந்தபோது நோயல் வீட்டுச் சமையலறையில் கோழிச்சாறு கொதித்துக்கொண்டிருந்தது. எட்மே உருளைக்கிழங்கை வலது முழங்கையால் பலகையோடு அழுத்திப் பிடித்து, இடது கையால் தோல் சீவிக்கொண்டிருந்தாள். சீவியதில் பாதிக் கிழங்கும் தோலோடு போயிருந்தது. லிவேன் ஜன்னலோரம் ஈரக் காலுறைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“உக்காரு லூசில். காபி போடறேன்.”

“வேண்டாம் எட்மே. நின்னுக்கிட்டே சொல்லிடறேன்.”

அவள் துணியைப் பிரித்து, குழாய்த் துண்டை மேசையில் வைத்தாள். விரல் நீளம்கூட இல்லை. நடுவில் ஒரு பிளவு.

“உங்க வண்டியோட பின்பக்கப் பிரேக் குழாய் இது. சரிவுல வெடிச்சது இதுதான். பெடல் அடிவரைக்கும் போனது நிஜம் லிவேன். நீங்க சரியாத்தான் மிதிச்சிருக்கீங்க.”

லூசிலே தொடர்ந்தாள்.

“அக்டோபர்லயே இது கெட்டிருந்துச்சு. நான் கையால தொட்டுப் பார்த்தேன், செதில் கொட்டிச்சு. உங்ககிட்ட சொல்லணும்னு நினைச்சேன். சொல்லல. அது மேலயே எண்ணெய் அடிச்சு அனுப்பிட்டேன். பிப்ரவரியில இதைப் பார்த்தேன். அப்பவும் சொல்லல. இன்னைக்குக் காலையில நீங்க வந்தப்பவும் சொல்லல.”

லிவேன் எழுந்து வந்து அந்தத் துண்டை எடுத்தார். பிளவின் மேல் நகத்தை வைத்து முன்னும் பின்னும் ஓட்டினார். லூசிலைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்தார்.

“சொன்னேனே எட்மே,” என்றார். “அன்னைக்கே சொன்னேனே.”

எட்மேயின் முகம் வெளுத்துவிட்டது. இரண்டு மாதமாக ஒவ்வொரு நாளும் அந்தக் கையை அவர் முன்னால் நீட்டி அவள் என்னென்ன சொன்னாளோ, அது லூசிலுக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. எட்மே கத்தியைக் கீழே வைத்தாள். கணவரின் தோளைத் தொடப் போனவள், கை பாதியில் நிற்க, திரும்பி லூசிலைப் பார்த்தாள்.

“என் கை கிடக்கட்டும். இந்த மனுஷனை நான் என்ன பேச்சுப் பேசியிருக்கேன் தெரியுமா உனக்கு? நீ அங்க சும்மா உக்காந்திருந்த.”

“ஆமா.”

“போயிடு. அந்தத் துண்டு இங்கேயே இருக்கட்டும்.”

லூசில் வெளியே வந்தாள். வண்டியில் ஏறிச் சாவியைத் திருகுவதற்கே அவளுக்கு நெடுநேரம் பிடித்தது.

மறுநாள் அவளே காவல் நிலையத்துக்குப் போய் எழுதிக் கொடுத்தாள். சில வாரம் காகிதங்கள் போயின, வந்தன. அவளுடைய காப்பீட்டுக்காரர்கள் எட்மேயின் வக்கீலோடு பேசி முடித்தார்கள். ஊர் இரண்டாகப் பேசியது. துறையில் லிவேனைக் குடிகாரன் என்ற வாய்கள் அடங்கின. லூசிலின் கொட்டகைக்கு வந்துகொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் பக்கத்து ஊரான ஷிப்பகனில் இருந்த வேறு கடைக்குப் போனார்கள். ஸோயல் ஒரு மாதம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் வேலைக்கு வராமல் இருக்கவில்லை.

அடுத்த அக்டோபரில் வரிசை சின்னதாக இருந்தது. லூசில் புதிதாக ஒரு வழக்கம் வைத்தாள். எண்ணெய் அடிப்பதற்கு முன்னால், வண்டிக்காரர் லிஃப்டுக்கு அடியில் வந்து அவளோடு நின்று பார்த்தாக வேண்டும். வரமாட்டேன் என்பவரின் வண்டியை அவள் தொடுவதில்லை.

“சினிமா காட்டுறியா?” என்று சிலர் கேலி செய்தார்கள். இருந்தும் வந்து பார்த்தார்கள்.

மூன்றாம் வாரம் ஒரு பழைய சாம்பல் நிற பிக்கப் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் லிவேன். எட்மே இறங்கினாள். வணக்கம் சொல்லவில்லை. லூசில் கொடுத்த பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நேரே லிஃப்டுக்கு அடியில் போய், அண்ணாந்து நின்றாள்.

“இது என்ன?”

“எரிபொருள் குழாய். நல்லா இருக்கு.”

“இது?”

“சேஸிஸ்ல தண்ணி வடியற ஓட்டை. அடைச்சிருக்கு, குத்தி எடுக்கணும்.”

லூசில் சுத்தியலால் சேஸிஸைத் தட்டிக்கொண்டே வந்தாள். எல்லா இடத்திலும் கணீரென்றது. எட்மே மூடாத கையை உயர்த்தி, பின்சக்கரத்துக்கு மேலே ஒரு வளைவைக் காட்டினாள். அங்கே கவ்வியின் ஓரத்தில் பழுப்பாக உப்பியிருந்தது. லூசில் தேய்த்தாள். செதில் கொட்டியது.

“இது பிரேக் குழாய். மாத்தணும். துருப்பிடிக்காத செம்புக்கலவையில போட்டுடறேன். ரெண்டு நாள் ஆகும். அதுவரைக்கும் வண்டி இங்கேயே நிக்கட்டும்.”

எட்மே தலையசைத்தாள். லிவேன் சாவியை ஸோயலிடம் நீட்டினார். அவர்கள் இருவரையும் ஸோயல் தன் வண்டியில் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு.

வாசல்வரை போன எட்மே நின்றாள்.

“மாத்துறப்ப நான் வந்து பார்ப்பேன்.”

“வியாழக்கிழமை காலையில வா,” என்றாள் லூசில். “ஒன்பது மணிக்கு ஆரம்பிப்பேன். நீ வர்ற வரைக்கும் கை வைக்க மாட்டேன்.”