வீரத்தாய்க்கு இரண்டு நிமிடம்

அம்சவள்ளிக்குப் புற்றுநோய் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது கச்சிராயபாளையத்துக்கு. ஊருக்குச் சொன்னது பித்தப்பைக் கல். அவள் கணவர் சுப்புராயன் அந்தக் கல்லை ஆளுக்கு ஏற்றபடி வளர்த்து வந்தார். பங்காளிகளிடம் பட்டாணி அளவு, டீக்கடையில் நெல்லிக்காய் அளவு. பாண்டிச்சேரியில் மருந்து ஏற்றி முடி கொட்டியதற்குத் திருப்பதி வேண்டுதல் என்றார். இடது மார்பு போனதற்குக் காரணம் சொல்ல அவசியம் வரவில்லை. அங்கே அம்சவள்ளி ஒரு பருத்திப் பையில் சாமை அரிசியைக் கட்டி வைத்துக்கொண்டாள்.

மறைத்ததற்குக் காரணம் மகள் ராதிகா. இருபத்தொன்பது வயது. "அம்மாவுக்கு இன்னா ஆப்பரேசன்?" என்று விசாரித்த இரண்டு வரன்கள் அதற்குப் பிறகு விசாரிக்கவில்லை. மூன்றாவதாகச் சங்கராபுரத்திலிருந்து வந்த பிரவீன்குமார் வீட்டில் பேசி முடித்துத் தை மாதத்தில் நாளும் குறித்துவிட்டார்கள்.

கள்ளக்குறிச்சியில் பைப் கடை வைத்திருந்த தமிழ்வேந்தனுக்கு மட்டும் விஷயம் தெரியும். பாண்டிச்சேரி போக வரக் கார் கொடுத்தவர் அவர். கோமுகி மக்கள் நல மன்றத்தின் தலைவரும் அவரே. வருடம் தவறாமல் ஐப்பசியில் புற்றுநோய் விழிப்புணர்வு விழா நடத்துவார். பேசுவதற்கு ஆள் குறைவே கிடையாது. பிழைத்தவர்கள்தான் கிடைப்பதில்லை. சுப்புராயனிடம் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் சுப்புராயன் முடியாது என்றார். நான்காம் முறை, "மேடையில உங்களுக்கும் ஒரு சேர் போடறோம், நோட்டீஸ்ல பேரு வரும்" என்றதும் அவருக்குச் சமூகத்தின் மேல் அக்கறை பிறந்தது.

"கள்ளக்குறிச்சி மண்டபத்துல நடக்கறது. நம்ம ஊருல எவனுக்குத் தெரியப்போவுது?" என்றார் மனைவியிடம்.

விழாவுக்கு ஃபிளக்ஸ் வைப்பார்கள் என்பதை மறந்துவிட்டார். கச்சிராயபாளையம் பஸ் நிறுத்தத்தில் அது எழுந்தது. கைகட்டி நின்ற தமிழ்வேந்தன் எட்டடி. அவருக்குப் பின்னால் கல்வராயன் மலை, அவர் தோளுக்குக் கீழேதான் இருந்தது. அடியில் நிர்வாகிகள் பதினோரு பேர். மூலையில், ரேஷன் கார்டிலிருந்து வெட்டி எடுத்த அம்சவள்ளி. 'புற்றுநோயை ஓட ஓட விரட்டிய வீரத்தாய்!'

அந்த வருட விழா மழையில் நின்றுபோனது. ஃபிளக்ஸ் நின்ற இடத்தில் நின்றது.

மூன்றாம் நாள் பிரவீன்குமாரின் அம்மா விருத்தாம்பாள் தனியாக டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினாள். சம்பந்தம் முறிந்தது என்று சுப்புராயன் வாசலிலேயே முடிவுகட்டிவிட்டார்.

"அது வந்து… அந்த போட்டோவுல இருக்கறது வேற அம்சவள்ளிங்க."

"அந்த அம்சவள்ளிக்கும் உங்க வூட்டுக்காரம்மா மூஞ்சிதானா? நீங்க கொஞ்சம் வெளிய இருங்கண்ணே."

அம்சவள்ளியை அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைத் தாழிட்டாள். "எங்க, காட்டுங்க சம்பந்தி" என்றாள்.

அம்சவள்ளி கொக்கிகளைக் கழற்றிப் பையை வெளியே எடுத்தாள். விருத்தாம்பாள் அதை வாங்கி அமுக்கிப் பார்த்தாள்.

"இது இன்னா?"

"சாமை. மொதல்ல பஞ்சு வெச்சேன், மேல மேல ஏறிக்கினே போச்சி. கனம் வேணுமில்ல. வெள்ளிமலையில இருந்து சந்தைக்கு வர்ற பொம்பளைங்ககிட்ட வாங்குனது."

"நல்லதாப் போச்சி. திடீர்னு விருந்தாளி வந்தா பொங்கிப் போட்டுடலாம்."

அந்த நோய்க்குப் பிறகு அம்சவள்ளி சத்தம் வரச் சிரித்தது அன்றுதான். சிரிப்பு நிற்பதற்குள் விருத்தாம்பாள் தன் முந்தானையை இறக்கிக் காட்டினாள். சாத்துக்குடித் தோல் போலத் தடித்துப்போன சதை. உள்ளே இழுத்துக்கொண்ட காம்பு.

"எப்பலேருந்து?"

"சித்திரையில இருந்து."

"வலிக்குதா?"

"வலிச்சிருந்தா போயிருப்பேனே."

"நாளைக்கே பாண்டி போலாம். நான் கூட வரேன்."

"தை முடியட்டும். நான் படுத்தா எங்க வூட்டுக்காரரு கல்யாணத்தத் தள்ளிடுவாரு. தள்ளிப்போட்டா சும்மா இருப்பாங்களா? உங்க போட்டோவப் பத்தி நாலு பேரு அவரு காதுல ஓதுவாங்க. எனக்கு உங்க பொண்ணு வேணும் சம்பந்தி. போன மாசம் வந்தப்ப எனக்குக் காலு நோவுதுன்னு சொன்னதுமே தைலத்த எடுத்துக்கினு வந்து உக்காந்தா."

"நாலு மாசம் ஆவுமே…"

"இத்தன மாசம் போவலியா? உங்க சங்கதிய எங்க வூட்ல நான் பாத்துக்கறேன். எஞ்சங்கதி இந்த ரூமோட."

சத்தியம் கேட்டு உள்ளங்கையை நீட்டினாள். அம்சவள்ளியின் வலது கையில் சாமைப் பை இருந்தது. ஆப்பரேஷனுக்குப் பிறகு வீங்கிக் கனத்துப்போன இடது கையைத் தூக்கி அந்த உள்ளங்கை மேல் வைத்தாள்.

நாலு மாதம் என்றால் என்னவென்று அந்த ஊரில் அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. பாண்டிச்சேரியில் கதிர்வீச்சுக் கரண்ட் வைக்க வரிசையில் உட்கார்ந்திருந்த நாட்களில், தாமதமாக வந்தவர்களைப் பார்த்திருக்கிறாள். அடுத்த வாரம் அவர்களுடைய இடத்தில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள். வெள்ளிக்கிழமைதோறும் சம்பந்திக்குப் போன் செய்தாள். "வலி இருக்கா?" என்பாள். "உங்களுக்கு வேற வேல இல்லியா?" என்று மறுமுனையில் சிரிப்பு வரும். விருத்தாம்பாளுக்கு என்று சற்றுப் பெரிதாக ஒரு பை தைத்துச் சாமை நிரப்பி வைத்தாள். இரண்டு முறை கணவரிடம் சொல்லிவிட வாய் திறந்தாள். கல்யாணப் பத்திரிகையில் தன் பெயருக்குக் கீழே 'மன்ற ஆலோசகர்' என்று போடலாமா என அவர் அச்சகத்தாரிடம் போனில் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதையெல்லாம் சாக்காகச் சொல்லலாம். அவளுக்கும் மகள் கல்யாணம்தான் வேண்டியிருந்தது.

கல்யாணம் குறைவில்லாமல் நடந்தது. மாசியில் விருத்தாம்பாளைப் பாண்டிச்சேரிக்குக் கூட்டிப்போனார்கள். "மூணு, நாலு மாசம் முன்னாடி வந்திருந்தாக்கூட" என்று தொடங்கிய டாக்டர் வாக்கியத்தை முடிக்கவில்லை. அறுக்கிற கட்டம் தாண்டிவிட்டது. ஆவணியில் போய்ச்சேர்ந்தாள். கடைசிவரை குளிப்பாட்டித் துடைத்தது ராதிகாதான்.

காரியம் முடிந்த அன்று ராதிகா அம்மாவின் மடியில் படுத்து அழுதாள். "அத்த யாருகிட்டயும் சொல்லல பாரும்மா. ஒருத்தர்கிட்டயாவது சொல்லியிருந்தா காப்பாத்தியிருக்கலாம்."

அம்சவள்ளி அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். ஊருக்குத் திரும்பியதும் அந்தப் பெரிய பையைப் பிரித்துச் சாமையை டப்பாவில் கொட்டினாள்.

இந்த ஐப்பசியில் மழை இல்லை. மேடையில் விருத்தாம்பாளின் படத்துக்கு மாலை போட்டு விளக்கு ஏற்றியிருந்தார்கள். ஒரே குடும்பத்தில் ஒருவர் பிழைத்து ஒருவர் இறந்திருப்பது விழாவுக்குப் பொருத்தமாக அமைந்துவிட்டதாகத் தமிழ்வேந்தனே மைக்கில் சொன்னார். நோயாளிக்குக் கார் கொடுத்ததைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். அந்தக் கார் கல்லைக் கடந்ததும் பள்ளத்தைக் கடந்ததும் அதில் அடக்கம். வீரத்தாய்க்கு இரண்டு நிமிடம். பேச வேண்டியதை அவரே எழுதிக் கொடுத்திருந்தார். முதல் வரிசையில் ராதிகாவும் பிரவீன்குமாரும் இருந்தார்கள்.

"கட்டி என்று தெரிந்த மறுநிமிடமே நான் வாய்திறந்து சொன்னேன்" என்று அம்சவள்ளி வாசித்தாள். அதற்கு மேல் ஓடவில்லை. தாளை மடித்தாள்.

"என் சம்பந்தி போன ஐப்பசியிலேயே எனக்குக் காட்டுனாங்க. நான் சொல்லல. சொன்னா எம்பொண்ணு கல்யாணம் நின்னுடும்னு சொல்லல."

தமிழ்வேந்தன் எழுந்து மைக்கைப் பிடித்தார்.

"தாயுள்ளம்! அம்மா உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க. பலத்த கைதட்டல்!"

அவர் கையைத் தூக்கினால் தட்ட வேண்டும் என்று சொல்லிக் கூட்டிவந்திருந்த நர்சிங் மாணவிகள் தட்டினார்கள். மேடை நாற்காலியில் சுப்புராயனும் தட்ட ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார். பிரவீன்குமார் எழுந்து வெளியே போனான். அம்சவள்ளிக்குப் பொன்னாடை போர்த்தி, பளிங்கு அடிவைத்த ஒரு ஷீல்டைக் கையில் கொடுத்தார்கள். அதில் 'அம்சவேணி' என்று இருந்தது.

வெளியே பிரவீன்குமார் பைக்கை ஸ்டார்ட் செய்து முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தான். ராதிகா அம்மாவுக்கு எதிரே வந்து நின்றாள்.

"ஐப்பசியில எப்போ?"

"ஃபிளக்ஸ் வெச்ச மூணாம் நாளு. வூட்டுக்கு வந்தாங்களே, அன்னிக்கு."

"நான்தான் அன்னிக்கு டீ போட்டேன்."

"ஆமாம்மா."

ராதிகா விரலை மடக்கினாள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை. நாலாவது விரலை மடக்கியபடியே வைத்திருந்தாள். ஏதாவது சொல்வாள் என்று அம்சவள்ளி காத்திருந்தாள். திட்டினால்கூடப் போதும்.

பிரவீன்குமார் ஒருமுறை ஹாரன் அடித்தான்.

ராதிகா திரும்பியவள், நின்றாள். அம்மாவின் இடது கையில் இருந்த ஷீல்டைப் பார்த்தாள். அந்தக் கையால் கனம் தூக்கக்கூடாது என்று இரண்டு வருடமாக வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்தான். முகத்தைப் பார்க்காமல் ஷீல்டை எடுத்து வலது கைக்கு மாற்றிவிட்டு, பைக்கில் ஏறிப் போனாள்.