இரண்டாவதாகப் போன வண்டி

நாத்தனார் பதினொரு நடை, அண்ணி எட்டு நடை. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த சலவைக்கூடத்துச் சுவரில் சூப்பர்வைசர் தினமும் சாக்பீஸால் எழுதிவைக்கும் இந்தக் கணக்கு மூன்று வாரமாக அசையவே இல்லை.

இருவருக்கும் ஒரே வேலைதான். சலவை இயந்திரத்திலிருந்து நாற்பது படுக்கை விரிப்புகளை ஈரத்தோடு எண்ணி எடுத்துத் தள்ளுவண்டியில் போட்டு, நீளமான நடைகூடத்தைத் தாண்டி உலர்த்தும் அறையில் கொட்ட வேண்டும். முதல் இயந்திரமும் முதல் வண்டியும் நாத்தனாருக்கு. இரண்டாவது இயந்திரமும் இரண்டாவது வண்டியும் அண்ணிக்கு. வேலைக்கு வந்த புதிதில் அண்ணி வண்டி தள்ளிய வேகத்தைப் பார்த்து எல்லோரும் வைத்த பெயர் புயல். இப்போது யாராவது அப்படிக் கூப்பிட்டால் பக்கத்தில் நிற்பவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள்.

“சனிக்கிழமை வரைக்கும் பாக்கிறேன்மா. அதுக்கும் மேல முடியலைன்னா வேற ஆளைப் போட்டுக்கறேன்” என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

தன் வண்டிதான் கனக்கிறது என்று புயல் அடித்துச் சொன்னாள். ஆனால் வீட்டுக்குப் போனதும் சந்தேகம் அரித்தது. நாற்பத்தொன்பது வயதாகிறது. தோள்பட்டை விண்விண்ணென்று தெறிக்கிறது. உடம்பு கைவிட்ட கதையை நாமாகவே வண்டியின் தலையில் கட்டுகிறோமோ?

வியாழக்கிழமை, இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் ஃபிட்டர் ஒரு வழி சொன்னான். அழுக்கு மூட்டைகளை எடை போடும் கொக்கித் தராசை வண்டியின் முன்னால் மாட்டி, ஒரே சீராக இழுக்க வேண்டும். வண்டி நகர எவ்வளவு பலம் வேண்டும் என்று தராசின் முள் காட்டிவிடும். முள்ளுக்கு அண்ணியும் தெரியாது, நாத்தனாரும் தெரியாது என்றான்.

புயல் தன் இயந்திரத்திலிருந்து நாற்பது விரிப்பு எடுத்துத் தன் வண்டியில் போட்டாள். ஃபிட்டர் இழுத்தான். முள் எட்டில் நின்றது. அதே விரிப்புகளை அள்ளி நாத்தனார் வண்டிக்கு மாற்றினார்கள். முள் ஏழு. புயலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சூப்பர்வைசர் லேசில் விடுகிற ஆள் இல்லை. அதே இரண்டாவது இயந்திரத்திலிருந்து புதிதாக நாற்பது விரிப்பு எடுத்து, இந்த முறை நாத்தனார் வண்டியில் முதலில் போடச் சொன்னார். முள் எட்டு. புயலின் வண்டிக்கு மாற்றினார்கள். ஏழு.

மூன்றாவது தடவை புயல் வண்டி முதலில் போனது, எட்டு. நான்காவது தடவை நாத்தனார் வண்டி முதலில் போனது, அதற்கும் எட்டு. எது இரண்டாவதாகப் போனாலும் அது லேசாகிவிட்டது. ஃபிட்டர் தராசைத் தட்டிப் பார்த்தான், சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தான், கடைசியில் தலையைச் சொறிந்தான். முந்திப் போகிற வண்டிக்கு வெட்கம் போலிருக்கிறது என்று நாத்தனார் சொன்னதற்கு அவளே தவிர வேறு யாரும் சிரிக்கவில்லை.

புயலுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரே வண்டி எப்படிக் கனமாகவும் இருக்கும், லேசாகவும் இருக்கும்? அப்போதுதான் கால் ஜில்லென்றது. குனிந்து பார்த்தாள். வண்டிக்கு அடியில் குளம்போலத் தண்ணீர். நின்ற நேரத்தில் சொட்டியது போதாதென்று, அள்ளி மாற்றும்போது பிழிந்துவிட்டதும் அங்கேதான் கிடந்தது. முதலில் போன வண்டி சுமந்த தண்ணீரை அடுத்துப் போன வண்டி சுமக்கவே இல்லை.

காய்ந்த விரிப்புகளை வைத்து மறுபடி இழுத்தார்கள். இரண்டு வண்டிக்கும் முள் ஐந்தில் நின்றது. மாற்றி மாற்றி இழுத்தும் ஐந்துதான்.

வண்டிகளில் வித்தியாசமே இல்லை. புயல் தானே கேட்டு வாங்கிய சோதனை அவளையே மாட்டிவிட்டது.

“அப்ப வண்டி மேல குத்தம் இல்லை” என்றார் சூப்பர்வைசர், அவள் முகத்தைப் பார்க்காமல். “நல்லாப் பார்த்தாச்சும்மா. ஈரத் துணின்னா சொட்டத்தான் செய்யும்.”

“என் துணி சொட்டாதே” என்றாள் நாத்தனார்.

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டதுபோல அவள் அண்ணியைப் பார்த்தாள்.

“நெசமாத்தான் அண்ணி. நான் போற வழியில தரையே நனையாது. நீங்கதான் போற இடமெல்லாம் கோலம் போடுவீங்க.”

சலவைக்கூடத்தில் ஈர விரிப்பை யாரும் எடை போட்டதில்லை. நாற்பதென்றால் நாற்பது, எண்ணினால் போதும். புயல் இரண்டு இயந்திரங்களிலிருந்தும் பத்துப் பத்து விரிப்புகளை மூட்டையாகக் கட்டித் தராசில் தூக்கினாள். நாத்தனாருடையது ஒன்பது கிலோ. அவளுடையது பதின்மூன்று. நாற்பதுக்குப் பதினாறு கிலோ தண்ணீரை அவள் நடைக்கு நடை சும்மா தள்ளிக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஃபிட்டர் இரண்டாவது இயந்திரத்தைத் திறந்தான். உள்ளே பெல்ட் தளர்ந்து, துணியைப் பிழிய வேண்டிய உருளை பாதி வேகத்தில்தான் சுற்றிவந்திருக்கிறது. உடனே ஸ்பேனரை எடுத்தான்.

“இருப்பா” என்று புயல் தடுத்தாள். “சார், நாளைக்கு ஒரு நாள் அது இப்படியே கிடக்கட்டும். அவங்கவங்க வண்டி, அவங்கவங்க நேரம், எதையும் மாத்த வேணாம். மெஷினை மட்டும் மாத்திக் குடுங்க. அப்பவும் நான் எட்டுன்னா நானே போயிடறேன்.”

நாத்தனார் முணுமுணுத்தாலும் ஒத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்தபோது சூப்பர்வைசர் சுவரில் எழுதினார். நாத்தனார் எட்டு. புயல் பத்து.

பெல்ட்டை இன்றே சரிசெய்யும்படி ஃபிட்டரிடம் சொல்லிவிட்டு, சனிக்கிழமைப் பேச்சையே எடுக்காமல் அவர் அறைக்குப் போய்விட்டார். போகிற வழியில், திங்கட்கிழமை நேரத்துக்கு வந்துவிடும்படி மட்டும் புயலிடம் சொன்னார்.

புயல் சுவரைப் பார்த்தபடியே நின்றாள். வேலை தங்கிவிட்டது. ஆனால் அதே இயந்திரத்தில் நாத்தனார் பதினொன்று போட்டாளே, இவளுக்கு ஏன் பத்து? அந்த ஒன்று வயதா, தோள்பட்டையா?

“என்னடி இது, ஒண்ணு குறையுதே” என்றாள்.

நாத்தனார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சாய்ந்தாள்.

“குறையாம என்ன செய்யும்? நான் மூச்சு வாங்கி நின்ன போதெல்லாம் நீங்களும் வண்டியை நிறுத்திட்டு என்னை வேடிக்கை பார்த்தீங்க அண்ணி.”