வீட்டுக்குப் போகும் கத்திகள்

பாலக்கரைச் சுருட்டுக் கம்பெனியில் நாற்பத்திரண்டு பேர் வேலை செய்தார்கள். அவர்களுக்கு மேஸ்திரி ஸ்தனிஸ்லாஸ். தகப்பனார் காலமானபின் பொறுப்புக்கு வந்த முதலாளி பரக்கத் அலி, 1938-இல் ஒருநாள் அவரைக் கூப்பிட்டார். அடுத்த தெருக் கம்பெனியில் பாதி ஆட்கள் சொல்லாமல் நின்றுவிட்டது முதலாளியைக் கலக்கியிருந்தது. நம் ஆட்களில் எத்தனை பேருக்குக் கம்பெனிமேல் நம்பிக்கை இருக்கிறது என்று விசாரித்துச் சொல்லும்படி கேட்டார்.

ஸ்தனிஸ்லாஸ் நோட்டோடு ஆள் ஆளாகப் போய்க் கேட்டார். நம்பிக்கை இல்லாமலா வேலைக்கு வருகிறோம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். நாற்பத்திரண்டு கோடுகளையும் போட்டு முடித்தபோது அவருக்கு மனம் நிறைந்துவிட்டது.

சாயங்காலம், சுருட்டுச் சுற்றும் ராக்கம்மாள் இலை நறுக்கும் கத்தியைத் துணியில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். மற்றவர்களும் அப்படியே வந்தார்கள். தினமும் பார்க்கிறதுதான். அன்றைக்கென்னவோ, காலையில் மறுபடி வேண்டிய கத்தியை எதற்குச் சுமக்கிறாய் என்று ஸ்தனிஸ்லாஸ் கேட்டார்.

அவள் தயங்கினாள். "அந்த வருஷம் திடீர்னு கம்பெனியைப் பூட்டினீங்களே, கத்தியெல்லாம் உள்ளேயே மாட்டிக்கிச்சு. வேற இடத்துல போய் நின்னா, உன் கத்தி எங்கேன்னு கேட்டாங்க. ரெண்டு மாசம் பட்டினி. அதுலேர்ந்து யாரும் இங்க வெச்சிட்டுப் போறதில்லைங்க."

பெரிய முதலாளி சொல்லிப் பூட்டுப் போட்டவர் ஸ்தனிஸ்லாஸ்தான். ஒன்பது வருஷத்தில் அதை அவர் மறந்தே போயிருந்தார்.

மறுநாள் நோட்டைப் பிரிக்காமலே, ஒருத்தருக்கும் நம்பிக்கை இல்லை என்று முதலாளியிடம் சொன்னார். காரணத்தையும், பூட்டியது தன் கை என்பதையும் சேர்த்தே சொன்னார். பரக்கத் அலி வாசல் பூட்டின் இன்னொரு சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"இது அவங்ககிட்ட இருக்கட்டும். வாப்பா செஞ்சதுக்கு நானே வந்து சொல்றேன்."

எல்லார் முன்னாலும் நின்று மன்னிப்புக் கேட்டார். சாவியை ராக்கம்மாள் வாங்கிக்கொண்டாள். ஆனாலும் அன்று அத்தனை கத்திகளும் வீட்டுக்குப் போயின. அடுத்த வாரமும் போயின. ஸ்தனிஸ்லாஸ் ஒன்றும் கேட்கவில்லை. ஆடி பிறந்தபின் அவர்களில் ஒருத்தியான வள்ளிக்கண்ணு தன் கத்தியைப் பலகைமேல் விட்டுப் போனாள். மாசமாக இருப்பதால் இடுப்பில் செருக முடியவில்லை என்று சாக்குச் சொன்னாள். ஐப்பசிக்குள் பதினொரு கத்திகள் தங்கின.

கார்த்திகையில் ஒரு மத்தியானம், மற்றவர்கள் சாப்பிடப் போனபின், ராக்கம்மாள் ஸ்தனிஸ்லாஸிடம் வந்து நின்றாள்.

"எனக்குக் கண்ணு சரியாத் தெரியலைங்க. ஒரு வருஷமாச்சு. பக்கத்துல இருக்கறவங்கதான் மேல் இலை சுத்திக் குடுக்குறாங்க. வேலை போயிடுமேன்னு மறைச்சிட்டேன்."

இப்போது ஏன் சொல்கிறாய் என்று கேட்டார்.

"சொல்லலாம்னு தோணிச்சுங்க."

ஸ்தனிஸ்லாஸ் முதலாளியிடம் போய்ப் பேசிவிட்டு வந்தார். இலை தரம் பிரிக்கிற இடத்தில் அவளுக்குப் பலகை போட்டுக் கொடுத்தார். கையால் தடவியும் மோந்தும் பார்க்கிற வேலை அது; முப்பது வருஷம் பழகிய கைக்குக் கண் அவ்வளவாக வேண்டியதில்லை. கூலி அதேதான் என்றார். சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குத் தன் மனைவியைத் துணைக்கு அனுப்பினார். கண்ணில் புரைதான், எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னாராம். ராக்கம்மாள் வீட்டுக்குக்கூடப் போகாமல், நேரே கம்பெனிக்கு வந்து அவரிடம் அதைச் சொன்னாள்.