நாற்பதாவது பக்கத்தில் நிறுத்து

1

ஒன்பதாயிரத்து நானூற்று அறுபது. கிடங்குக்கு அவன் கொடுக்க வேண்டியிருந்த தொகை. மாதம் நானூற்று முப்பதாக, இருபத்திரண்டு மாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்வது என்று முடிவானது. இந்தக் கதை அந்தக் கடனில் பிறந்தது. வேறு உயர்ந்த காரணம் எதுவும் இல்லை.

'அவன்' என்று எழுதுகிறேன், அவன் நான்தான். 'நான்' என்று எழுதிப் பார்த்தேன். மூன்றாவது வரியிலேயே முதுகுவலியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டது. 'அவன்' என்றால் கொஞ்சம் நிமிர்ந்து நிற்கிறான்.

முதலில் எழுதிய தொடக்கம்: அன்று காலை வானம் கறுத்துக்

(அவன் வேலை பார்த்த அறைக்கு ஜன்னலே கிடையாது. விட்டுவிட்டேன்.)

அடுத்த தொடக்கம்: வாசிப்பு என்பது மனிதகுலத்தின் மகத்தான

(மனிதகுலம் எவ்வளவு வாசிக்கிறது என்பது அவனுக்கு நன்றாகவே தெரியும். அதனால் இந்த வாக்கியத்தை முடிக்கக் கை வரவில்லை.)

2

கிடங்கின் பின்பக்கம், லாரி வந்து நிற்கும் மேடைக்கு அடுத்த அறை. புத்தகம் படிப்பதற்கென்றே செய்த மெஷின்கள் அங்கே திரும்பி வரும். வாங்கிப் பிடிக்காமல் அனுப்பியவை, பழையதைக் கொடுத்துப் புதியதை எடுத்துக்கொண்டவர்கள் விட்டவை, எல்லாம். அவற்றைச் சோதித்து, துடைத்து, மறுபடி பெட்டியில் போடுவது அவன் வேலை.

அதற்கு முன்பு இருபத்தாறு வருஷம் அதே மேடையில் மூட்டை தூக்கினான். நாற்பத்து மூன்றாவது வயதில், சங்க அலுவலக மாடியில் வாரம் மூன்று நாள் உட்கார்ந்து எழுத்து கற்றுக்கொண்டான். ஞானம் தேடிப் போகவில்லை. எதற்கென்று தெரியாமல் ஒரு தாளில் கைநாட்டு வைத்து ஒரு போனஸை இழந்திருந்தான், அந்த ஆத்திரம். முதுகு விழுந்தபோது, எழுத்துத் தெரிந்தவன் என்பதால் வீட்டுக்கு அனுப்பாமல் இந்த அறையில் உட்கார வைத்தார்கள்.

சுவரில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது. சார்ஜ் ஏற்று. கீறல் பார். விளக்கைப் போட்டு அணை. நாற்பது பக்கம் புரட்டு. எல்லாவற்றையும் அழி. பெட்டியில் போடு.

மற்றவர்கள் நாற்பது பக்கத்தை நாற்பது நொடியில் தட்டித் தள்ளுவார்கள். அவன் படித்தான். நாற்பதாவது பக்கம் முடிந்ததும் அழித்துவிட்டு அடுத்த மெஷினை எடுத்தான். அதனால் அவனுக்கு 'நாப்பது' என்று பெயர் விழுந்தது. ஏழு வருஷத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கதைகளின் முதல் நாற்பது பக்கம் படித்தவன். ஒரு கதையின் கடைசிப் பக்கத்தைக்கூடப் பார்க்காதவன்.

[அடிக்குறிப்பு: இந்தக் கதையின் முடிவு சரியில்லை என்று தோன்றினால் காரணம் இதுதான். எனக்குத் தொடங்கத்தான் தெரியும்.]

3

இந்த இடத்தில் கொஞ்சம் கட்டுரை. பொறுக்காதவர்கள் தாண்டிப் போகலாம். அதற்குத்தானே மெஷினில் வசதி வைத்திருக்கிறார்கள்.

இரண்டு கம்பெனிகள். ஒன்றுக்கு நீலப் பெட்டி, மற்றதற்குப் பழுப்புப் பெட்டி. அவன் பார்த்த மிகப் பழைய நீலத்தில் பக்கம் திருப்ப இரு ஓரத்திலும் பட்டன். கீழே வரிசையாக எழுத்துப் பட்டன்கள். விளக்கு கிடையாது. தமிழைத் திறந்தால் கட்டம் கட்டமாக நிற்கும். அடுத்த மாடலில் தமிழ் தெரிந்தது. ஆனால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். புதிதாகப் படிக்கக் கற்றவன் அதைப் பார்த்து, தான் கற்றதுதான் தப்போ என்று மிரண்டுபோனான். தப்பு மெஷினுடையது என்று தெரிய இரண்டு மாதம் ஆனது.

பிறகு எழுத்துப் பட்டன்களை எடுத்தார்கள். இனி தொட்டாலே போதுமாம். பிறகு விளக்கு வைத்தார்கள். இனி இருட்டிலும் படிக்கலாமாம். (பகலில் படிக்காதவர்களுக்கு எவ்வளவு பெரிய உதவி!) பிறகு வெள்ளை விளக்கு கண்ணுக்குக் கெடுதல் என்று கண்டுபிடித்து மஞ்சள் விளக்கு வைத்தார்கள், வெள்ளையை வைத்த புண்ணியவான் யார் என்று மட்டும் சொல்லவில்லை. பிறகு தண்ணீரில் விழுந்தாலும் கெடாது என்றார்கள். குளித்துக்கொண்டே படிக்கிறவர் யாரோ, அவர் கை கூப்பத் தக்கவர்.

பக்கம் திருப்பும் பட்டனை நீலம் எடுத்தபோது அதற்கு 'எளிமை' என்று பெயர். உடனே பழுப்பும் எடுத்தது. இரண்டு வருஷம் கழித்து நீலம் அதே பட்டனைக் கொண்டுவந்து 'சொகுசு' என்று பெயர் வைத்து, விலையை ஒன்றரை மடங்காக்கியது. பழுப்பும் ஓடிவந்து ஒட்டிக்கொண்டது. நம் வீட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு போய் நமக்கே விற்கிற வியாபாரம்.

நீலத்தில் அவர்கள் கடைப் புத்தகம்தான் ஒழுங்காகத் திறக்கும். மூடி வைத்தால் முகத்தில் விளம்பரம் வரும். வேண்டாம் என்றால் அதற்கும் காசு. பழுப்பு எதைக் கொடுத்தாலும் திறக்கும். ஆனால் பக்கத்தைத் தட்டிவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம்.

இரண்டுக்கும் பொதுவான ஒரு திமிர் உண்டு. படிக்கிறவனின் வேகத்தை அளந்து, முடிக்க எத்தனை நேரம் ஆகும் என்று கீழே சொல்லும். அவனிடம், 'இந்த அத்தியாயம் முடிய 3 மணி 50 நிமிடம்' என்றது. மூட்டை தூக்கிய காலத்தில் மேஸ்திரிகூட இப்படி மூஞ்சிக்கு நேரே மணி காட்டியதில்லை.

4

வாசகப் பெருமக்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். யார் எவ்வளவு படித்தார் என்பது மெஷினில் அப்படியே நிற்கும். ஒரு புண்ணியவதி ஆயிரத்து நூறு புத்தகம் வாங்கிச் சேர்த்திருந்தார். எதிலும் நாலு சதவீதத்தைத் தாண்டவில்லை. அந்த நாலில் இரண்டு அட்டையும் முன்னுரையும். இன்னொருவர் திருப்பி அனுப்பிய சீட்டில் காரணம் எழுதியிருந்தார்: 'என் சோபா நிறத்தோடு சேரவில்லை.'

இந்தக் குப்பைக்கு நடுவே ஒருநாள் ஒரு பழுப்பு வந்தது. உள்ளே ஒரே ஒரு புத்தகம். ஒரு தையல்காரி. தனியாக இருக்கிறாள். நாற்பதாவது பக்கத்தில் அவளுடைய தம்பி அவள் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய் விற்றுவிடுகிறான்.

அழிக்க வேண்டும். விரல் போனது; திரும்பி வந்துவிட்டது.

அவன் ஒரு சீட்டை எடுத்து, 'பேட்டரி சந்தேகம்' என்று எழுதி ஒட்டினான். அப்படி ஒட்டினால், சார்ஜ் தானாகத் தீரும்வரை மெஷினை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும் என்பது விதி. பெட்டியிலோ 'ஆறு வாரம் தாங்கும்' என்று போட்டிருந்தது. கம்பெனி அச்சடித்த வார்த்தைகளிலேயே உண்மையானது அது ஒன்றுதான். அதில் போய் அவன் மாட்டிக்கொண்டான்.

சாப்பாட்டு நேரத்தில் தினமும் எட்டுப் பக்கம். சாயங்காலம் அதை மனைவிக்குச் சொல்வான். அவள் ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். எழுத்துத் தெரியாது, கதை தெரியும்.

"திருட்டுப் பய அகப்பட்டானா?"

"அகப்பட்டான். ஜெயில்ல போட்டுட்டாங்க. அந்த ஜெயிலுக்குச் சட்டை தைக்கிற வேலை இவளுக்கே கெடைச்சிருக்கு."

"காலர்ல ஒரு ஊசிய விட்டுட்டுத் தைக்கச் சொல்லுங்க."

"நான் சொன்னா கேப்பாளா?"

"நீங்க சொல்லி யாருதான் கேட்டிருக்கா."

5

இதைக் கண்டுபிடித்தவள் மேற்பார்வை பார்க்கிற பெண். (இவளைக் கெட்டவளாக எழுதினால் கதைக்கு வசதி. எழுதியும் பார்த்தேன். உதட்டை அலட்சியமாகச் சுழித்தபடி அவள்

இல்லை. அவள் உதட்டைச் சுழிக்கவில்லை. சரக்குக் கணக்கு எடுக்க வந்தவள், கையில் ஒரு பட்டியல், அவ்வளவுதான்.)

"அண்ணே, பேட்டரி சந்தேகம்னு எழுதியிருக்கீங்க. நடுவுல ரெண்டு தடவ சார்ஜ் போட்டிருக்கீங்க. மெஷினே காட்டிக் குடுக்குது."

அவன் செய்த மடத்தனம் அதுதான். கதை முடிவதற்குள் பேட்டரி முடிந்துவிடுமோ என்ற பயம்.

"சந்தேகம் தீரலையேம்மா."

"எனக்குத் தீந்துடுச்சு."

இதற்குள் புது மாடல் வந்து பழையதன் விலை சரிந்துவிட்டது. அந்த மெஷினை வாங்கக் கேட்டிருந்த ஆளும் வேண்டாம் என்றுவிட்டார். முழு விலையும் அவன் தலையில் விழுந்தது.

"கட்டி முடிச்சதும் மெஷின நீங்களே எடுத்துட்டுப் போங்க. அதுவரைக்கும் என் மேஜைக்குள்ள இருக்கும். தொடக் கூடாது."

"உள்ள இருக்கறத அழிக்காம வைப்பீங்களா?"

அவள் பட்டியலை மடித்தாள். "இப்ப அது கிடங்கு மெஷினும் இல்ல, உங்க மெஷினும் இல்ல. அந்த மாதிரி மெஷின அழிக்கணும்னு விதியில எழுதல."

புத்தகம் தொண்ணூற்றொரு சதவீதத்தில் நின்றது. தம்பிக்கு விடுதலை நாள். அக்கா தன் கையால் தைத்த ஒரு சட்டையோடு ஜெயில் வாசலில் நிற்கிறாள். கதவு திறக்கிறது.

வீட்டில் தொகையைச் சொன்னான்.

"ஒம்பதாயிரத்துச் சொச்சமா! அந்தக் காசுக்கு நாலு தம்பிய வெளிய கொண்டு வந்திருக்கலாம்." பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். சற்றுப் பொறுத்து, "கதவு தொறந்துச்சே, யாரு மொதல்ல வெளிய வந்தா?"

"அதுக்குள்ள புடுங்கிட்டாங்க."

பதின்மூன்று மாதம். ஒவ்வொரு சம்பள நாளும் குறைந்த பணத்தை எண்ணிவிட்டு அவள் அதே கேள்வியைக் கேட்டாள்.

6

பதினாலாவது மாதம் பழுப்புக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. அந்த மாடலைக் கைகழுவிவிட்டார்கள். கிடங்கில் கிடப்பவற்றின் மதிப்பு பூஜ்யம்.

"அண்ணே, நல்ல சேதி. பாக்கி மூவாயிரத்து எண்ணூத்தி எழுபது தள்ளுபடி."

"மெஷினு?"

"அதான் மதிப்பு இல்லன்னு எழுதியாச்சே. பூஜ்யமானத வெளிய குடுக்க முடியாது. உள்ள இருக்கறத அழிச்சுட்டுக் கழிவு லாரில போடணும். நாலு மணிக்கு வருது."

"மிச்சத்தையும் கட்டிடறேன்மா."

"இல்லாத பொருளுக்கு நான் எப்படிண்ணே ரசீது போடுவேன்?" மேஜையைத் திறந்து மெஷினை நீட்டினாள். "நீங்களே அழிச்சுடுங்க. நான் மாடிக்குப் போயிட்டு வரேன்." அவளுக்கு மாடியில் வேலை எதுவும் கிடையாது.

மணி மூன்று இருபது. செத்துக் கிடந்த மெஷின் உயிர் பிடிக்கவே இருபது நிமிடம் தின்றது. விழித்ததும், 'இந்த மாடலுக்கு இனி உதவி இல்லை, புதியதைப் பாருங்கள்' என்றது. சாகிற மெஷினுக்கும் வியாபாரப் புத்தி. பிறகு அந்தப் பக்கம் வந்தது. கதவு. சட்டை. கீழே: 'முடிய 2 மணி 40 நிமிடம்.'

அவன் வாழ்க்கையில் செய்யாததைச் செய்தான். கீழே இருந்த கோட்டை விரலால் இழுத்துக் கடைசிப் பக்கத்துக்குப் போனான்.

கடைசிப் பக்கத்தில் ஐந்து காலி நட்சத்திரங்கள் இருந்தன. 'இந்தப் புத்தகம் எப்படி? மதிப்பிடுங்கள்.'

ஒரு பக்கம் பின்னால் தட்டினான். காத்திருந்தான். அதே ஆசிரியரின் மற்ற நூல்கள், விலையோடு. இன்னொன்று. இன்னும் நூல்கள். இன்னொன்று. நன்றியுரை, எழுத்தாளர் தன் நாய்க்கு நன்றி சொல்லியிருந்தார். இன்னொன்று. நன்றியுரையின் தொடக்கம். இன்னொன்று

லாரி ஹாரன் அடித்தது.

அவன் அழிக்கும் இடத்தைத் தொட்டான். 'நிச்சயமாகவா?' என்றது. தொட்டான். 'எல்லாம் போய்விடும். நிச்சயமாகவா?' கடன்காரன்கூட இத்தனை தடவை கேட்டதில்லை. தொட்டான்.

மாடியிலிருந்து இறங்கி வந்தவள் ஒரு தாளை நீட்டினாள். 'பாக்கி: இல்லை.' அவன் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.

7

முடிவு, ஒன்று: ஹாரன் அடித்த நொடியில் திரையில் கதையின் கடைசி வரி வந்துவிட்டது. அவன் கண்கள் பனித்தன

(வரவில்லை. பழுப்பு மெஷின் என்று சொன்னேனே.)

முடிவு, இரண்டு: அவன் மெஷினைச் சட்டைக்குள் ஒளித்து

(வாசலில் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள்.)

நடந்தது இவ்வளவுதான். வீட்டுக்குப் போனான். கடன் தீர்ந்த சேதியைச் சொன்னான். அவள் துணியை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"யாரு மொதல்ல வெளிய வந்தா?"

"தம்பிதான். சட்டையக் குடுத்தா. போட்டுப் பாத்தான், அவனுக்குச் சின்னதா இருந்துச்சு. அவ ஞாபகத்துல அவன் இன்னும் வளரவே இல்ல. ரெண்டு பேரும் சிரிச்சாங்க. வீட்டுக்கு வந்தாங்க."

மடிப்பதை நிறுத்தினாள். "இது புத்தகத்துல இருந்ததில்ல. நீங்க சொல்றது."

"எப்படித் தெரியும்?"

"படிச்சதச் சொன்னா திக்கித் திக்கிச் சொல்வீங்க. இது கடகடன்னு வருது."

அவள் மறுபடி மடிக்க ஆரம்பித்தாள்.

"போகட்டும், நல்லாத்தான் இருக்கு. ஆனா சட்டையக் குடுத்திருக்க மாட்டா. தையல் மெஷினக் கொண்டுபோய் வித்தவனுக்கு எவளாவது சட்டை குடுப்பாளா? மாத்துங்க."

மறுநாள் ஒரு நோட்டு வாங்கினான். மாற்றினான். அவள் ஒப்பவில்லை. மறுபடி மாற்றினான். இதுவரை பதினொரு தடவை. ஒன்றில் அக்கா சட்டையோடு திரும்பிப் போய்விடுகிறாள். ஒன்றில் சட்டையைக் காவலாளியிடம் விற்றுவிடுகிறாள். மனைவி எதற்கும் மசியவில்லை.

பன்னிரண்டாவதை நான் எழுதப் போவதில்லை. கதவு திறந்திருக்கிறது, சட்டை அக்கா கையில் இருக்கிறது. கொடுப்பதா வேண்டாமா என்று நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். நட்சத்திரம் மட்டும் போட வேண்டாம்.

ஒரு காரியம் செய்திருக்கிறேன். எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் நாற்பது பக்கத்தைத் தாண்டாதபடி இந்தக் கதையை வெட்டியிருக்கிறேன். இது இருக்கிற மெஷினையும் யாராவது சோபா நிறம் சேரவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். ஜன்னலில்லாத ஏதோ ஓர் அறையில் ஒருவன் அதைச் சார்ஜில் போட்டு, விளக்கைப் போட்டு அணைத்து, புரட்ட ஆரம்பிப்பான். இந்த வரிவரை அவன் வந்துவிடலாம். பிறகு தயங்காமல் அழிக்கட்டும். எனக்கு அவன் ஒன்றும் பாக்கி இல்லை.