உப்புவெளிக்கு ஏறும் வழி

அந்தக் கட்டடத்தின் லிப்ட் ஏழு வருடத்தில் உண்மையாகவே கெட்டுப்போனது இரண்டு தடவைதான். ஆனாலும் 'லிப்ட் ரிப்பேர்' என்ற பலகை மாதத்தில் நாலைந்து நாள் கீழே தொங்கும். தொங்கவிடச் சொல்வது நாலாம் மாடியில் பயண ஏற்பாட்டு அலுவலகம் நடத்தும் பெண்மணி. மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுப் பலகையை மாட்டுவது வாட்ச்மேன். மற்ற மாடிகளில் இருப்பது துணிக் கிடங்கு. கிடங்குக்காரர்களுக்குத் தனியாகச் சரக்கு லிப்ட் உண்டு என்பதால் யாரும் இதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

அவள் உயரமான இடங்களுக்கு மட்டும் ஆட்களை அனுப்புகிறவள். விமானத்தில் நேராக மேலே கொண்டுபோய் இறக்கும் வேலை அவளிடம் கிடையாது. படிப்படியாகத்தான் ஏற்றுவாள். அதனால் தொழிலில் உள்ளவர்கள் அவளைப் 'படிக்கட்டு' என்பார்கள். கேலிதான். அவள் அதை விசிட்டிங் கார்டிலேயே போட்டுக்கொண்டாள்.

மலைமேல் யாருக்கு நோவு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. பயில்வான் சுருண்டு படுப்பான், நோஞ்சான் விசிலடித்துக்கொண்டு நடப்பான். ஆனால் நோவு வந்தால் யார் மறைப்பார்கள் என்பதைக் கண்டுபிடித்துவிடலாம். தலை வலிக்கிறது என்று சொல்கிறவரைக் கீழே இறக்கிவிடலாம், பிழைத்துக்கொள்வார். ஒன்றுமில்லை என்று சிரித்துக்கொண்டே மேலே போகிறவர்தான் ஆபத்து. இந்த அலுவலகத்துக்கு ஏறும் படியில், மூன்றாம் மாடித் திருப்பத்தில் ஒரு ஜன்னல் இருக்கிறது. வெளியே ஒரு சுவரையும் ஒரு தண்ணீர்த் தொட்டியையும் தவிர ஒன்றும் தெரியாது. படியேறி வருகிறவர் "யப்பா, மூச்சு வாங்குது" என்று அங்கே உட்கார்ந்தால் அவள் மனம் நிம்மதியாகும். மூச்சு வாங்குவதை மறைத்து ஜன்னல் காட்சியைப் பற்றிப் பேசினால் பென்சிலை எடுத்து ஒரு குறி போட்டுக்கொள்வாள்.

அன்று பதினோரு மணிக்கு வரவேண்டியவர்கள் ஒரு கணவனும் மனைவியும். கதவைத் திறந்துவைத்துக் காலடிச் சத்தத்துக்குக் காது கொடுத்திருந்தாள். கேட்டதோ லிப்டின் மணி.

"ரிப்பேரே இல்ல மேடம்!" என்றபடி உள்ளே வந்தவர் கையில் லிப்ட் கதவைத் திறக்கும் முக்கோணச் சாவி ஒன்று இருந்தது. "எவனோ சுவிட்சை இறக்கி வச்சிட்டுப் போர்டு மாட்டியிருக்கான். மாட்டுனவன் மட்டும் என் கையில கிடைச்சான்..."

முப்பத்தோரு வருடம் லிப்ட் மெக்கானிக்காக இருந்து போன மாதம்தான் ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றபின்னும் சாவி சட்டைப்பையை விட்டு இறங்கவில்லை.

பின்னாலேயே வந்த மனைவி மூக்குக்கண்ணாடிக் கடை நடத்துபவர். "வாட்ச்மேன் கையப் பிடிச்சுத் தடுக்குறாரு, இவரு பாட்டுக்குத் திறக்குறாரு. கல்யாண வீட்டுக்குப் போனாலும் இதே கதைதான்" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார்.

படிக்கட்டு விழித்தாள். ஏழு வருடத்தில் அந்தப் பலகையை நம்பாத முதல் ஆள் இவர்தான்.

அவர்கள் போக நினைத்தது ஒரு உப்புவெளிக்கு. கடல்மட்டத்திலிருந்து மூவாயிரத்து அறுநூற்றைம்பது மீட்டர் மேலே, நூறு கிலோமீட்டருக்கு வெறும் உப்பு. மரமில்லை, மேடில்லை. மழைக்காலத்தில் அதன்மேல் ஒரு விரல் தண்ணீர் நின்று வானத்தை அப்படியே காட்டும். வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் கேட்பது அந்தக் காலத்தைத்தான்.

"எனக்கு வெயில் காலம்தான் வேணும்" என்றார் மனைவி. "என் கடையில கண் டெஸ்ட் பண்ற ரூம் பத்தடி. எழுத்து இருபதடி தூரத்துல தெரியணும். அதுக்காக எதிர்ச்சுவத்துல ஒரு கண்ணாடி மாட்டித் தூரத்தை ரெண்டாக்கி வச்சிருக்கேன். இத்தனை வருஷமா பொய்த் தூரத்தையே பாத்தாச்சு. நெசத் தூரம் ஒண்ணு பாக்கணும்."

"எத்தனை தடவை கிளம்பியிருப்போம் தெரியுமா?" என்றார் மெக்கானிக், கொஞ்சம் குற்ற உணர்ச்சியோடு. "பெட்டி கட்டி வாசலுக்கு வரும்போது போன் வரும். எங்கயோ லிப்டுல ஆள் மாட்டியிருப்பாங்க. ரிட்டையர் ஆனதும் கூட்டிட்டுப் போறேன்னு வாக்குக் குடுத்தேன். அதனால சொகுசா இருக்கணும் மேடம். நேரா மேல போற பிளைட்டு, ஆக்சிஜன் வச்ச ரூம். இவளால அலைய முடியாது."

மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தார்.

சொகுசு என்ற வார்த்தை வந்ததும் படிக்கட்டுக்கு உற்சாகம் வந்துவிடும். காகிதத்தை இழுத்துப் படி படியாக ஒரு கோடு போட்டாள்.

"சார், அந்த உயரத்துல ஒவ்வொரு மூச்சுக்கும் இங்க கிடைக்குற காத்துல மூணுல ரெண்டு பங்குதான் கிடைக்கும். உடம்பு அதுக்குப் பழகிக்கும், ஆனா நாள் கேட்கும். முக்கியமா தூக்கத்துல. தூங்கும்போது மூச்சு தானா குறையும், அதனால எங்க நடக்குறோம்ங்கிறதைவிட எங்க படுக்குறோம்ங்கிறதுதான் கணக்கு. ரெண்டாயிரத்து நானூறுல ரெண்டு ராத்திரி. ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துல ரெண்டு. மூவாயிரத்து முந்நூறுல ரெண்டு. அப்புறம்தான் உப்பு. நீங்க கேட்ட மெத்தை, ஹீட்டர், வெந்நீர்ப் பை எல்லாம் உண்டு. ஆனா தலைய ரெண்டா பிளக்குற மாதிரி வலிச்சா எந்த மெத்தையும் சொகுசா இருக்காது."

"முப்பத்தோரு வருஷம் ஜனங்க படி ஏறக் கூடாதுன்னு உழைச்சவன் நான். என்னையே படி ஏறச் சொல்றீங்களா?"

"இன்னிக்கே ஏறியிருக்கணும் சார். நீங்க லிப்டைச் சரி பண்ணிட்டீங்க."

வேறு வழியில்லாமல் பலகையின் கதையைச் சொன்னாள். மெக்கானிக்கின் முகம் சிவந்தது. நல்ல லிப்டைக் கெட்டுப்போனது என்று எழுதி மாட்டுவது அவருக்குப் பெரிய பாவமாகப் பட்டது. "ஆஸ்பத்திரியில நாடி பாக்குற மாதிரி நேராப் பாக்க வேண்டியதுதானே? லிப்டு மேல ஏன் பழி?"

மனைவி விழுந்து விழுந்து சிரித்தார். செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தார். "வாங்க. கீழ போய் ஏறி வருவோம். மேடம், நீங்களும் வாங்க."

இறங்கியது லிப்டில். ஏறியது படியில். முதல் மாடிவரை மெக்கானிக் அந்த லிப்டின் கம்பி எந்த வருடத்து மாடல் என்று விளக்கினார். இரண்டாம் மாடியில் பேச்சு நின்றது. மனைவி ஒவ்வொரு படியிலும் "அம்மாடி, அம்மாடி" என்று முனகிக்கொண்டே ஏறினார். மூன்றாம் மாடித் திருப்பத்தில் மெக்கானிக் நின்றார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நெற்றி முழுக்க வேர்வை.

"அந்தத் தொட்டியப் பாத்தீங்களா? மூடி... சரியா உக்காரல."

படிக்கட்டின் கை பென்சிலைத் தேடவில்லை. அவரை அவளைவிட நன்றாகப் படிக்கத் தெரிந்தவர் பக்கத்திலேயே இருந்தார்.

"மூணு மாசமா உங்க கண்ணுல படுறதெல்லாம் சரியா உக்காராமலே இருக்குதே" என்றார் மனைவி மெதுவாக. "தெருமுனையில கம்பத்தைப் பாத்தீங்க. கடை வாசல்ல ஷட்டரைப் பாத்தீங்க. ஏங்க, நெஞ்சு அடைக்குதா?"

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நான் முடியலன்னு சொன்னா நீ போக மாட்டே. இந்தத் தடவையும் என்னாலதான் நின்னுபோச்சுன்னு ஆகிடும்."

"அதுக்குத்தான் எனக்கு அலைய முடியாதுன்னு ஊர்பூரா சொன்னீங்களாக்கும்."

படிக்கட்டு மேலே அலுவலகத்திலிருந்து ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். இனி இது தன் மேஜையில் தீர்க்கிற விஷயமில்லை என்று சொல்லி, இதய மருத்துவர் ஒருவரின் முகவரியை எழுதிக் கொடுத்தாள். அன்றைக்கே போகவேண்டும் என்பதை இரண்டு முறை சொன்னாள்.

மூன்று வாரம் கழித்து இருவரும் வந்தார்கள். இதயத்துக்குப் போகும் குழாய் ஒன்றில் பாதி அடைப்பு. மருந்து தொடங்கியாகிவிட்டது. இரண்டாயிரத்து நானூறு மீட்டர்வரை போகலாம், அதற்குமேல் கூடவே கூடாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தார்.

"அப்ப முதல் படி மட்டும்தான்" என்றாள் படிக்கட்டு.

"விட்டுடலாம் மேடம்" என்றார் மனைவி. "இவரத் தனியா விட்டுட்டு நான் எங்க போறது? ஒண்ணுன்னா சொல்லவா போறாரு?"

"சொல்றேன்."

"இவ்வளவு நாள் சொன்னீங்களா?"

மெக்கானிக் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, யாரும் கேட்காமலேயே பேசினார். "காலையில எழுந்தா இடது பக்கம் ஒரு அழுத்தம் இருக்கு. பல் தேய்க்கும்போது போயிடும். நேத்து கடைக்குப் போறப்ப ரெண்டு தடவை நின்னேன். மாத்திரை போட்டா தலை சுத்துது. டாக்டர்கிட்ட தலை சுத்துறத மட்டும் சொல்லல. நாளைக்குச் சொல்லிடுறேன்."

மனைவி அவரையே உற்றுப் பார்த்தார், கடைக்கு வருகிறவரின் கண்ணைப் பார்ப்பதுபோல.

"நாளைக்கு இல்ல. இங்கிருந்து நேரா அங்கதான்" என்றார். பிறகு படிக்கட்டின் பக்கம் திரும்பினார். "மருந்து ஒத்துக்கிட்டு, டாக்டரும் சரின்னு சொன்னாத்தான். அப்போ இவருக்கு முதல் ஊர்லயே ரூம் போடுங்க. பக்கத்துல ஆஸ்பத்திரி இருக்கணும். நான் மேல போயிட்டு வர்றேன். தினம் காலையிலயும் சாயங்காலமும் போன்ல பேசணும். எல்லாம் நல்லாருக்குன்னு ஒரு தடவை சொன்னாருன்னா அன்னிக்கே இறங்கிடுவேன்."

"நல்லா இருந்தாலுமா?" என்று கேட்டார் மெக்கானிக்.

"எங்க எது இடிக்குதுன்னு சொல்லுங்க, போதும்."

"ஏழு நாள் நான் அங்க தனியா என்னதான் பண்றது?"

"காத்திருங்க. எனக்கு அதுல முப்பத்தோரு வருஷ அனுபவம், சந்தேகம் இருந்தா கேளுங்க."

படிக்கட்டு காகிதத்தில் அவருக்கென்று ஒரு தனிக் கோடு போட்டாள். அது ஏறவில்லை, நேராகப் போயிற்று. மனைவியின் கோட்டின் உச்சிக்கு வந்தபோது, உப்பின்மேல் வண்டியை எங்கே நிறுத்தவேண்டும் என்று கேட்டாள்.

"எந்தப் பக்கம் பாத்தாலும் ஒண்ணுமே தெரியாத இடத்துல. ரெண்டு மணி நேரம். டிரைவர் பாட்டுப் போடக் கூடாது."

அவள் அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.