திரும்பி வந்த காலர்கள்

காலையிலிருந்து மூன்றாவது சட்டைக் கட்டு திரும்பி வந்து மடியில் விழுந்தபோது அவளுக்கு உச்சந்தலை வரை கொதித்தது. அந்தத் தையல் ஆலையில் எத்தனையோ பேர் சட்டைக் காலர் தைக்கிறார்கள். எவள் தைத்ததிலும் குறை இல்லையாம். இவள் தைத்ததில் மட்டும் அம்மை போட்டது போலச் சிவப்பு ஸ்டிக்கர். ஒட்டியது யார்? பெற்ற தாய்.

செக்கிங் மேசையில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு ஆலையில் ‘கண்கொத்தி’ என்று பெயர். கண்கொத்திப் பாம்பாய்த் தையலைப் பார்ப்பவள் என்று வைத்த பட்டப்பெயர். “அந்தப் பாம்பு சொந்தக் குட்டியைத்தான் தேடித் தேடிக் கொத்துது” என்று பக்கத்து மெஷின்காரி சிரித்தாள். இவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

வேறு நாளாக இருந்தால் போய்த் தொலைகிறது என்று பிரித்துத் தைத்திருப்பாள். இன்று சாயந்திரம், மாதிரிச் சட்டைகள் தைக்கிற சாம்பிள் ரூமுக்கு ஆள் எடுக்கிறார்கள். அங்கே ஓவர்டைம் கிடையாது. பள்ளிக்கூடம் விட்டு வந்து, தானே போட்டுச் சாப்பிட்டுவிட்டு, இவள் வருவதற்குள் தூங்கிவிடுகிற மகளோடு உட்கார்ந்து நாலு வார்த்தை பேசலாம். யாருடைய துணி குறைவாகத் திரும்புகிறதோ அவளுக்குத்தான் இடம் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார்.

சாப்பாட்டு மணி அடித்ததும் ஒரு சட்டையை உருவிக்கொண்டு போய், கை கழுவும் இடத்தில் அம்மாவை மடக்கினாள்.

“எங்கேம்மா கோணலா இருக்கு? காட்டு.”

“அதான் ஒட்டியிருக்கேனே.”

“விரலை வெச்சுக் காட்டு.”

அம்மா சட்டையை வாங்கித் தடவினாள். காலரின் ஒரு முனையில் விரலை நிறுத்தி, “இதோ” என்றாள். ஸ்டிக்கர் இருந்ததோ மறு முனையில், செக்கச்செவேல் என்று.

அவள் ஸ்டிக்கரையும் அம்மாவின் விரலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அம்மா, உனக்குக் கண்ணு தெரியலையா?”

“கத்தாதடி. போன வருஷத்துலேர்ந்து எல்லாம் புகை மாதிரி இருக்கு. பெரிய தப்புன்னா விரல்ல தட்டுப்படும், சின்னது தப்பிச்சுடும். ஒண்ணுமே திருப்பாம உட்கார்ந்திருந்தா சந்தேகம் வருமே. தினம் யாரோடதையாவது திருப்பித்தானே ஆகணும்?”

“அதுக்கு நான்தான் கிடைச்சேனா?”

“மத்தவளுங்க நல்ல துணியைத் திருப்பினா ஊரைக் கூட்டிடுவாளுங்க. நீன்னா ரெண்டு நாள் பேச மாட்டே, அவ்வளவுதானே. கட்டுல நீ போடுற முடிச்சைத் தடவினாலே உன்னோடதுன்னு தெரியும் எனக்கு.”

“சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?”

“சொன்னா வேலையை விடச் சொல்லுவே. உன் ஒருத்தி சம்பளத்துல புள்ளையை நாளைக்குக் காலேஜுக்கு அனுப்பிடுவியா?”

அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் சட்டையைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தாள்.

சாயந்திரம் சூப்பர்வைசர் கூப்பிட்டார். “நல்ல கையாச்சேம்மா உனக்கு. உன்னோடது மட்டும் ஏன் இப்படித் திரும்புது?”

ஒரு வார்த்தை போதும். சொன்னால் சாம்பிள் ரூம் இவளுக்கு; அம்மாவுக்கு வேலை போய்விடும். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அம்மா யாரோ தைத்த சட்டையை முகத்தருகே தூக்கிப் பிடித்து, ரொம்பக் கவனமாகப் பார்ப்பது போல நடித்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பார்க்க எரிச்சலாக வந்தது. பாவமாகவும் இருந்தது.

“கவனம் கொஞ்சம் சிதறுது சார். சரி பண்ணிக்கறேன்.”

இடம் பட்டன் தைக்கிறவளுக்குப் போயிற்று.

வெளியே சாலையைக் கடக்கும்போது அம்மாவின் மணிக்கட்டை வலிக்கும்படியே பிடித்தாள்.

“நாளைக்குக் கண் ஆஸ்பத்திரிக்குப் போறோம். புரையா இருந்தா எடுத்துடுவாங்க.”

“லீவு கேட்டா தெரிஞ்சுடுமேடி.”

“எனக்கு உடம்பு சரியில்ல, நீ துணைக்கு வர்றே. அப்படித்தான் சொல்லப்போறேன். நீ குறுக்க வாயைத் திறந்து பாரு.”

சாலையைக் கடந்ததும் அம்மா கேட்டாள்.

“கண்ணு சரியாகுற வரைக்கும் யாரோடதைத் திருப்புறது?”

“என்னோடதைத்தான். வேற எவ முடிச்சையாவது தொட்டே, அப்புறம் தெரியும் சேதி!”