நண்பகல் நிலா

அந்நியக் கப்பல் நங்கூரம் போட்ட அன்று ஊருக்கு இரண்டாவது நிலா வந்தது. உச்சிவெயிலில் உதித்தது, கொஞ்சம் செம்பு நிறம். துறைமுகத் தெருவில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு மீதித் துணியையும் உலர்த்தினார்கள். நிலாவால் தொல்லை இல்லை, அது இழுத்துவந்த தண்ணீரால்தான் தொல்லை. பழைய நிலாவின் நீரேற்றம் இருட்டிய பிறகுதான் வரும், கரையோடு நிற்கும். இது பட்டப்பகலில் தெருவுக்குள் புகுந்து அடுப்பை அணைத்தது, படகுகளை முட்டிக்கொள்ள விட்டது.

"அண்ணி, அந்தக் கப்பல்காரங்களோட கிழிஞ்ச பாயைச் சீக்கிரம் தச்சுக் குடுத்துடுங்க. கப்பல் போனா நிலாவும் பின்னாலயே போயிடும்" என்றான் படகுக்காரர்களின் தலைவனான கொழுந்தன். வெளிக்கடலில் புயல் பருவம் என்பது அவனுக்கும் தெரியும். ஆனாலும் கப்பலை அனுப்பிவிடுவதென்று ஊர் கூடி முடிவு செய்துவிட்டது.

கப்பல் பாய் தைக்கும் அண்ணி அவசரப்படவில்லை. அவள் புருஷன் துறைமுகத்துக்கு வெளியே கடலில் கிடக்கும் மணல்திட்டைத் தாண்டப் போய்த் திரும்பாதவன். உலகம் அந்தத் திட்டோடு முடிகிறது, விளிம்பிலிருந்து விழுந்துவிட்டான் என்றார்கள். அவளும் நம்பி, அவன் சட்டைகளைக் கிழித்துப் பாய்களுக்கு ஒட்டுப் போட்டாள். அப்படியானால் இந்தக் கப்பல் எங்கிருந்து வந்தது? கடலடியிலிருந்து முளைத்ததாக ஊர் சமாதானம் சொல்லிக்கொண்டது.

கப்பலிலிருந்து துணியைப் பிடித்துக்கொடுக்க வந்த மாலுமி, தையலோடு அவள் பேச்சையும் கற்றுக்கொண்டான். இந்த ஊரில் நிலா பெண் என்பதே அவனுக்குப் புதுச்செய்தி.

"எங்க நாட்டுல அது ஆம்பளை."

"அதான் சாப்பாட்டு நேரம் பார்த்து வர்றாரு" என்று சிரித்தவள், ஊசியை நிறுத்தினாள். "திட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"தண்ணி. அப்புறமும் தண்ணி. அப்புறம் எங்க வீடு."

மறுநாள் நண்பகல் ஏற்றம் திட்டை மூடியபோது அவள் மாலுமியோடு கொழுந்தனின் படகில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். "வா தம்பி, உங்க அண்ணன் விழுந்தாரான்னு பார்த்துட்டு வந்துடுவோம்."

திட்டின் மேல் படகு வழுக்கிக்கொண்டு போனபோது கொழுந்தன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். ஒன்றும் ஆகவில்லை. கடல் தன்பாட்டுக்கு நீண்டுகொண்டே போனது. அவன் துடுப்பை நாலாபக்கமும் நீட்டி விளிம்பைத் துழாவினான்.

"எங்கயுமே முடியலையே அண்ணி" என்று சின்னப்பிள்ளைபோல அழுதான்.

"அப்போ அவர் விழலை. போயிருக்காரு."

அதுவரை விழுந்தவனுக்காக அழுதவள், அன்றுமுதல் போனவன்மேல் கோபப்பட்டாள். கோபம் அவளுக்கு நன்றாக ஒத்துக்கொண்டது, உடம்பு தேறிவிட்டது.

கப்பலைத் துரத்தும் பேச்சைக் கொழுந்தனே நிறுத்தினான். தெருவில் வாசற்படிகளை உயர்த்திக் கட்டினார்கள். இரண்டு ஏற்றத்திலும் மீன் பிடித்தார்கள். புயல் பருவம் முடிந்து கப்பல் புறப்பட்டபோது செம்பு நிலா கிளம்பவில்லை, பழகிவிட்டது. கப்பல்காரர்களும் வெறுங்கையோடு போகவில்லை. அவர்கள் நாட்டில் இப்போது இரவில் நிலாப்பெண் ஒருத்தி உதிக்கிறாளாம், பெரியவர்கள் அவளை மகளே என்று கூப்பிடுகிறார்களாம்.

வருஷங்கள் கழித்து, தூரக்கடலுக்கான பெரிய பாய்கள் தைக்கும் அவள் கடைக்கு உள்நாட்டு வியாபாரி ஒருவர் வந்தார். வானத்தைக் காட்டி, இங்கே எதற்கு இரண்டு என்று கேட்டார்.

"உங்க ஊருக்கு ஒண்ணுதானா?" அவள் பரிதாபத்தோடு அவரைப் பார்த்தாள். "எப்படிங்க சமாளிக்கிறீங்க?"